தேய்ந்த பழங்காசு சேகரிப்பு: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாமிரபரணிக் கரையில் கிடைக்கும் பழைய செப்புக் காசுகளில் பெரும்பாலானவை பார்க்க அழகாக இருக்காது. கறுத்துப் போய், ஓரம் கரைந்து, ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மறுபக்கத்தில் அரைகுறையாக ஒரு கோடோ வளைவோ தெரியும். பழங்காசு விற்பவர்கள் அவற்றைத் தனியே ஒதுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த டப்பாவில் கிடப்பவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பது என்பதே இந்த வழிகாட்டி.

நல்ல நிலையில் உள்ள சங்க காலப் பாண்டியர் காசை மாதச் சம்பளக்காரர் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. அதே வகை தேய்ந்து வந்தால் விலை பல மடங்கு இறங்கிவிடும். அதிலுள்ள செய்தி அந்த அளவுக்கு இறங்குவதில்லை. எடை இருக்கிறது, வடிவம் இருக்கிறது, உலோகம் இருக்கிறது, கூர்ந்து பார்த்தால் சின்னமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்ற விவரமும் கூடவே வரலாம். என்னைக் கேட்டால், ஊர் தெரிந்த ஒரு மொட்டைக் காசு, ஊர் தெரியாத பளபளப்புக் காசுகள் பத்துக்குச் சமம். இனிச் சொல்லப் போகும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு எண்ணம்தான்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அதற்குப் பொருந்தும். கண்டெடுத்தவர் என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கிடைக்க வேண்டிய பங்கு போய்விடும்; ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. முறைப்படி தெரிவித்தவருக்கு, அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால், அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க அதே சட்டம் வழி செய்திருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும்போது ஒரு குடம் காசு கிடைத்தால் கொத்தனார்கள் பங்கு போட்டுப் பிரித்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. அந்தக் குடம் ஒரே குவியலாக இருக்கும்வரைதான் அதற்கு ஒரு கதை உண்டு. பிரிந்து போனால் அது வெறும் செம்பு.

அடுத்தது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம். 100 ஆண்டைத் தாண்டிய நாணயம் இந்தச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு நினைவுப் பரிசாக ஒரு பழங்காசு கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றினால், வேண்டாம். அதோடு, தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை போன்ற இடங்களுக்குப் போங்கள், பாருங்கள். மண்வெட்டியோ உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோ எடுத்துப் போகாதீர்கள். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைத் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ 1900ஆம் ஆண்டையொட்டித் தோண்டினார். சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்மணிகளைச் சோதித்து கி.மு. 1155 என்று காலம் சொன்னது 2021இல் செய்தியாக வந்தது. அந்த நெல் இருந்த இடத்திலேயே இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. காசுக்கும் அதேதான். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால், அந்த அடுக்குக்கே அது காலம் சொல்லும். பிடுங்கி எடுத்துவிட்டால் இரண்டுமே ஊமை.

படி 2: எந்தச் சிதைவை ஏற்கலாம்?

‘மோசமான நிலை’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வகை இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

தேய்மானம் என்பது கைமாறிக் கைமாறி மேடுகள் மழுங்குவது. இது நோயில்லாத சிதைவு. தேய்ந்த காசு இன்னும் நூறு ஆண்டு கழித்தும் அப்படியேதான் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வகையைத்தான் தேட வேண்டும்.

அரிப்பு வேறு. மண்ணிலுள்ள உப்பும் ஈரமும் உலோகத்தையே தின்றிருக்கும். மேற்பரப்பு குழி குழியாக இருக்கும். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் பக்கத்து மண்ணில் உப்பு அதிகம் என்பதால் அங்கிருந்து வரும் செம்பில் இது கூடுதல். அரிப்பு நின்றுபோன காசு என்றால் வாங்கலாம். இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் காசு என்றால் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் மட்டும் வாங்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று படி 6இல் சொல்கிறேன்.

மூன்றாவது, பிறவிக் குறை. பழைய காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. பெரிய அச்சின் மேல் சிறிய செப்புத் துண்டை வைத்து அடித்திருப்பார்கள். அதனால் புத்தம் புதிதாக வெளிவந்தபோதே பாதி எழுத்து வெளியே போயிருக்கும். இதைத் தேய்மானம் என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1949இல் உருவான ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை எண் போடும். 1 என்றால் இன்ன வகை என்று மட்டும் சொல்லும் அளவுக்குத் தேய்ந்தது. அது அந்நாட்டுச் செப்புக் காசுகளை மனத்தில் வைத்து வந்த அளவுகோல். நம் ஊர்க் காசுக்கு அந்த எண்ணைப் போட்டு விலை சொல்பவரிடம், அச்சு எவ்வளவு விழுந்திருக்கிறது, விழுந்தது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்.

நான்காவது, மனிதர் செய்த காயம். காசுமாலையில் கோக்கப் போட்ட துளை, வளையம் பற்றவைத்த தடம், உலோகத்தைச் சோதிக்க வெட்டிய வெட்டு. தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளி வெட்டு இருக்கும். சின்னங்களைத் தனித்தனியாகக் குத்திச் செய்த வெள்ளி முத்திரைக் காசுகளில் ஓரமாகச் சின்னச் சின்ன முத்திரைகள் பின்னால் குத்தப்பட்டிருக்கும், பரிசோதித்தவர்கள் போட்டவை. சங்க காலத்தில் நாணயம் பரிசோதிப்பவரை வண்ணக்கன் என்றார்கள். புலவர்கள் சிலர் பெயரிலேயே அது ஒட்டியிருக்கிறது. இந்த வெட்டுகளும் துளைகளும் காசின் வரலாற்றில் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். விலை குறைவதைப் பயன்படுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிரஷ் போட்டு, அமிலத்தில் முக்கி, செக்கச்செவேலென்று ஆக்கப்பட்ட காசு. அதில் படிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

படி 3: இந்தப் பக்கம் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேய்ந்த காசை அடையாளம் காண்பது பாதிக்கு மேல் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. இன்ன இடத்தில் இன்ன வகை வரக்கூடும் என்று தெரிந்தவருக்கு அரைக் கோடு போதும்.

சங்க காலப் பாண்டியர் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரம் அல்லது செவ்வகம். முன்பக்கம் யானை நிற்கும். அதற்கு மேலே சிறு சின்னங்கள் வரிசையாக இருக்கும். பின்பக்கத்து மீன், நாம் வரையும் மீன் போல இருக்காது. கோடுகளை மடக்கி மடக்கிப் போட்ட கோட்டு வடிவம் அது. முன்பக்கம் முழுவதும் தேய்ந்து, பின்பக்கத்தில் இரண்டு சாய்கோடு ஒட்டிக் கிடந்தால்கூட வகையைச் சொல்லிவிடலாம். சேரர் என்றால் வில் அம்பும், சோழர் என்றால் வாலைத் தூக்கி நிற்கும் புலியும் தேட வேண்டும். தேய்ந்த புலியில் கடைசியாக மறைவது பெரும்பாலும் அந்த வால்தான். தமிழ்-பிராமியில் ‘பெருவழுதி’ என்று எழுதிய காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்தியபோது, சங்க காலப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டது உறுதியானது. அதன் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் அதே கோட்டு மீன்.

வெள்ளி முத்திரைக் காசுகள் ஏறத்தாழ 3.3 முதல் 3.5 கிராம் வரை இருக்கும். போடிநாயக்கனூர்ப் புதையலில் வந்த முத்திரைக் காசுகளின் பின்பக்கத்தில் கோட்டு மீன் இருப்பதால் அவற்றைப் பாண்டியர் வெளியீடு என்கிறார்கள். ஆகவே கறுத்த வெள்ளித் துண்டு கிடைத்தால் பின்பக்கத்தைத்தான் முதலில் பாருங்கள்.

அடுத்து, எண்ணிக்கையில் அதிகம் வருவது ‘ஸ்ரீ ராஜராஜ’ செப்புக் காசும் அதன் வழி வந்தவையும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரி எழுத்து. எடை பொதுவாக 3 முதல் 4.5 கிராமுக்குள். பாண்டிய நாடு சோழர் கையில் இருந்த காலத்தின் சுவடு அது. தேய்ந்த ராஜராஜன் காசை இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் வாங்கலாம். தொடங்குவதற்கு இதைவிட நல்ல வகை கிடையாது.

இதே அமைப்பை இலங்கை மன்னர்களும் பின்பற்றினார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் காசுகளும் அதே நிற்கும் உருவம், அமர்ந்த உருவம்தான். எழுத்து மட்டும் வேறு. எதிர்க்கரை இலங்கையோடு கடல் வழிப் புழக்கம் இருந்த மண் இது என்பதால், ராஜராஜன் என்று சொல்லி விற்கும் தேய்ந்த குவியலுக்குள் இவை கலந்து கிடக்கும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காளையும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் கொண்ட காசும் வரும்.

பிற்காலப் பாண்டியர் செப்புக் காசுகள்தான் என் மனத்துக்கு நெருக்கமானவை. சின்னதாக, தடிப்பாக இருக்கும். மீன் ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் ‘சு’ என்ற ஒற்றை எழுத்து. பட்டப்பெயர் பொறித்தவையும் உண்டு: சோணாடு கொண்டான், எல்லாந்தலையானான், கச்சி வழங்கும் பெருமாள், புவனேகவீரன், சமரகோலாகலன். லோவெந்தால் என்ற பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே 1888இல் ‘தி காயின்ஸ் ஆஃப் டின்னவெலி’ என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு மாவட்டத்துக் காசுகளை மட்டும் வைத்து அந்தக் காலத்திலேயே ஒருவர் நூல் போட்டிருக்கிறார் என்றால் இந்த மண்ணில் எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கால்டுவெல்லும் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களின் அரபு எழுத்துக் காசுகள், நாயக்கர் காலக் காளையும் தெய்வ உருவங்களும் கொண்ட சிறு காசுகள், சேதுபதி காசுகள், ஆற்காட்டு நவாப் காசுகள் எல்லாம் வரும். தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய கம்பெனி முத்திரை போட்ட செப்புக் காசு கடலோரத்தில் சாதாரணம். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அங்கே பழைய வீடுகளில் திருவிதாங்கூர்ச் சக்கர நாணயமும் காசும் பெட்டியடியில் கிடக்கும். 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம்.

படி 4: எங்கே, எப்படி வாங்குவது?

பழைய பாத்திரக் கடை, நகைப் பட்டறை, எடைக்கு உலோகம் வாங்குபவர், நாணயக் கண்காட்சி, உரிமம் உள்ள வியாபாரி, உறவினர் வீட்டுப் பழைய பெட்டி. வழிகள் இவ்வளவுதான். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவி வந்த காலத்தில் எத்தனையோ காசுகள் உலைக்குப் போய்ப் பாத்திரமாகிவிட்டன. எடைக்கு வாங்குபவரிடம் வருகிற செப்புத் துண்டுகள் இன்றும் அந்த வழியில்தான் போகின்றன. அவரோடு பழக்கம் வைத்துக்கொண்டு, உருக்கும் முன் ஒருமுறை காட்டச் சொல்வது உண்மையிலேயே ஒரு நல்ல காரியம். புதிதாக மண்ணிலிருந்து வந்த குவியல் என்று தெரிந்தால் மட்டும் வாங்காமல், படி 1இல் சொன்ன வழியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “அண்ணாச்சி, இது எந்த ஊர்ப் பக்கம் கிடைச்சது?” அவ்வளவுதான். விலை முடிந்த பிறகு கேட்டால் எதையாவது சொல்வார்கள். முதலிலேயே, விலையோடு சம்பந்தமில்லாத தொனியில் கேட்டால் சரியான பதில் வர வாய்ப்பு அதிகம். “ஏரல்ல ஒரு வீட்டுல இருந்து வந்தது”, “மானூர்ப் பக்கம் ஒரு ஆசாரி கொடுத்தது” என்று வரும் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆற்றிலிருந்து’ என்றால் எந்தப் பாலத்துக்கு மேலே, எந்தப் பாலத்துக்குக் கீழே என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு வகையில் ஒரு காசு போதும் என்பது அழகான காசு வாங்குபவரின் கணக்கு. தேய்ந்த காசில் அது செல்லாது. ஒரே வகையில் நாலைந்து வாங்குங்கள். ஒன்றில் இடது ஓரத்து எழுத்து விழுந்திருக்கும், ஒன்றில் வலது ஓரம், ஒன்றில் நடு. சேர்த்துப் பார்க்கும்போது முழுப் பெயரும் கிடைத்துவிடும். பழங்காசு வகைகள் பலவற்றில் வாசகம் முழுமையாகத் தெரிய வந்தது இப்படித்தான்.

படி 5: போலியும் புரட்டும்

பெருவழுதி போன்ற பேர்பெற்ற காசுகளுக்கு வார்ப்புப் போலிகள் உண்டு. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் காற்றுக் குமிழி போட்ட சிறு குழிகள் தெரியும். ஓரத்தில் இரண்டு அச்சும் சேர்ந்த வரம்பு தெரியும், அல்லது அதை அரம் போட்டு ராவிய தடம் தெரியும். எழுத்தின் விளிம்பு சோப்பில் எழுதியது போல வழுக்கி இருக்கும். தேய்ந்த காசில் மேடுகள் மட்டும் தேய்ந்திருக்கும், பள்ளங்களில் கூர்மை மிச்சமிருக்கும். போலியில் மேடு பள்ளம் இரண்டும் ஒரே அளவுக்கு மழுங்கியிருக்கும். சந்தேகமில்லாத ராஜராஜன் காசுகளைக் கையில் வைத்துப் பழகினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கம் இருக்கும் தடித்த காசுகள் கம்பெனி வெளியிட்டவை அல்ல. பிற்காலத்தில் விற்பனைக்குச் செய்தவை. 1616, 1717 என்று போட்டவையும் அப்படியே. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த கலசம் என்று கோடிக்கணக்கில் பேசுபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செம்பு அரிசியை இழுக்காது. பழைய நோட்டு, காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று தங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

படி 6: சுத்தம் செய்வது, வைத்தியம் பார்ப்பது

முதல் விதி: புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக் கூடாது. செப்புக் காசின் மேல் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ படிந்து இறுகியிருக்கும் தோல்தான் தேய்ந்த காசில் மிச்சமிருக்கும் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. பல காசுகளில் எழுத்து அந்தத் தோலில் மட்டும்தான் இருக்கிறது. அடியில் உள்ள உலோகத்தில் இல்லை. தோலை எடுத்தால் எழுத்தும் போய்விடும்.

வெறும் மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஊறவையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். ஓரிரு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகியதும் பல்குத்தும் மூங்கில் குச்சியால் மெல்ல நிமிண்டுங்கள். எழுத்தின் இடுக்குக்கு நம் தேரிக்காட்டு உடைமுள் நன்றாகப் பயன்படும். முனை நைந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ஊசி, கத்தி, கம்பிப் பிரஷ் எடுக்காதீர்கள். இரண்டு மாதம் ஆகிறதென்றால் ஆகட்டும். எழுத்து படிக்கும் அளவுக்கு மண் போய்விட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது அந்த நோய். சாதாரணக் களிம்பு கரும்பச்சையாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினால் வராதபடி இருக்கும். அதற்கு மாறாக வெளிர்பச்சையில், மாவு போல, தொட்டால் உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது சேகரிப்பாளர்கள் ‘பிரான்ஸ் டிசீஸ்’, அதாவது வெண்கல நோய், என்று சொல்லும் அரிப்பு. மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அமிலம் உண்டாகி, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்று, மறுபடியும் குளோரைடாகும். சுற்றிச் சுற்றி நடப்பதால் தானாக நிற்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திடீரென்று தலைகாட்டும். புதிதாக வந்த காசை மற்றவற்றோடு சேர்க்காமல், ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் பஞ்சில் படாமல் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நோய் இருந்தால் பச்சைப் புள்ளி வந்துவிடும். பிறகு நன்றாக உலர்த்திவிடுங்கள்.

நோய் இருந்தால் பொடியைக் குச்சியால் எடுத்துவிட்டு, சோடியம் செஸ்க்விகார்பனேட்டை டிஸ்டில்டு வாட்டரில் 5 சதவீதக் கரைசலாக்கி, அதாவது லிட்டருக்கு 50 கிராம், அதில் காசைப் போட்டு வாரக்கணக்கில் வைக்க வேண்டும்; இடையிடையே கரைசலை மாற்ற வேண்டும். அந்த உப்பு கிடைக்காதவர்கள் சலவை சோடாவையும் சமையல் சோடாவையும் கலந்து அதே வேலையைச் செய்கிறார்கள். தோலின் நிறம் கொஞ்சம் மாறலாம், அதைத் தெரிந்தே இறங்குங்கள். முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி, வெதுவெதுப்பான இடத்தில் நன்றாக உலர்த்துங்கள். அரிப்பைத் தடுக்க அருங்காட்சியக ஆய்வகங்களில் பயன்படுத்தும் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனம் நச்சு, வீட்டில் வேண்டாம்.

ஈயக் காசில் வெள்ளைப் பொடி வந்தால் அதைத் தண்ணீரில் போடாதீர்கள், கையோடு சாப்பிட உட்காராதீர்கள், மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியே ஈயத்தை அரிக்கும். வெள்ளிக் காசின் கறுப்பை அப்படியே விட்டுவிடலாம்.

படி 7: படிப்பது

இங்கேதான் நேரம் செலவாக வேண்டும். தேவையானவை: 10 மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, விட்டமும் தடிமனும் அளக்க வெர்னியர், ஒரு சிறிய டார்ச், போன் கேமரா.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் தேய்ந்த காசை மொட்டையாகக் காட்டும். சாய்ந்த வெளிச்சம் தலைமயிரளவு மேட்டுக்கும் நிழல் போடும். டார்ச்சைக் காசைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஒரு கோணத்தில் காலும் இன்னொரு கோணத்தில் தும்பிக்கையும் தெரியும். ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத காசு என்றால் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஈரத்தோடு பாருங்கள். காய்ந்திருக்கும்போது தெரியாதது சில விநாடி தெரியும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்க்கலாம், தோல் உறுதியாக இருந்தால் மட்டும்.

எழுத்தைத் தேடும்போது இன்றைய தமிழெழுத்தை மனத்தில் வைக்காதீர்கள். அக்காலத்தில் புள்ளி பெரும்பாலும் வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும். வரி இடத்துக்கேற்ப எங்கே வேண்டுமானாலும் உடையும். ஆகவே ‘சோணாடு கொண்டான்’ என்று முழுதாகத் தேடாமல், ‘ண’ போன்ற சிக்கலான உருவம் எங்கே வருகிறது, அதன் இரு பக்கமும் என்ன மிச்சம் என்று பாருங்கள். பட்டப்பெயர்களை ஒரு தாளில் எழுத்தெழுத்தாகக் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, கிடைத்த இரண்டு எழுத்தும் எந்தக் கட்டத்தில் பொருந்துகிறது என்று ஓட்டிப் பார்ப்பது நல்ல முறை. நிற்கும் உருவம் உள்ள காசில், நாகரி எழுத்து ஜோடி ஒன்று திரும்பவும் வந்தால் ‘ராஜராஜ’. வரவில்லையென்றால் இலங்கைப் பக்கம் பாருங்கள்.

படிக்க முடிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். உறுதியான எழுத்தை அப்படியே எழுதி, ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மீன் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தால் எந்தக் கீறலும் மீனாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடியும் படித்து, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒப்பிடுவதற்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தமிழ்நாடு முழுக்கப் புதையலாகக் கிடைத்த காசுகள் இருக்கின்றன.

படி 8: பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேராக எடை, நீள அகலம் அல்லது விட்டம், தடிமன், உலோகம், இருபக்கப் படம், படித்த வாசகம், வாங்கிய தேதி, விலை, கிடைத்த ஊர். முன்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பின்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் கடிகார மணியாகக் குறியுங்கள். ஊரைப் பற்றிய குறிப்பில் யார் சொன்னது, அவர் நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்பதும் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் பின்னால் எந்த ஆய்வகத்தாலும் மீட்டுத் தர முடியாத தகவல்.

பளபளப்பான மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சையாக ஒட்டும்; மைலார் உறையோ அமிலமில்லாத காகித உறையோ வாங்குங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலத்துக்கு முன் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். டப்பாவைத் தரையிலோ கீழ்த்தட்டிலோ வைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. காசு வெள்ளத்தைத் தாங்கும். நோட்டுப் புத்தகம் தாங்காது. பதிவை இன்னொரு பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சின்னமோ எழுத்தோ தெரிந்தால் பூட்டி வைக்காதீர்கள். தென்னிந்திய நாணயவியல் கழகத்தின் கூட்டங்களிலும் வெளியீடுகளிலும் தனிச் சேகரிப்பாளர்களின் காசுகளுக்கு இடமுண்டு. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த இரண்டு பக்கப் படம், அளவு காட்ட அருகில் ஒரு ஸ்கேல், எடை, கிடைத்த ஊர், நீங்கள் உறுதியாகப் படித்த எழுத்துகள். அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்.